உள்மூச்சு சுல்தான்

ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும்போது சுல்தான் சட்டைப்பையிலிருந்து மவுத் ஆர்கனை எடுத்துத் தொடையில் தட்டுகிறார். எச்சிலும் கொஞ்சம் நிலக்கரித் தூளும் உதிர்கின்றன. பிறகு அதை வாயில் வைக்கிறார். ஊதுவதில்லை. காற்றை உள்ளே இழுக்கிறார்.

"எல்லாரும் ஊதுவாங்க. நான் உறியறேங்க. அதுலதான் அழுவாச்சி வரும்."

அழுகையில் இத்தனை பற்றுள்ள மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. பண்ருட்டியில் முந்திரி வியாபாரக் குடும்பம். இவர் மட்டும் நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிப் போகும் பெல்ட் ஓடுவதைப் பார்த்துக்கொள்ளும் பர்மனென்ட் தொழிலாளி. இயந்திரம் பூட்ட வந்த ஜெர்மன் ஃபோர்மேன் ஒருவர் தம் குவார்ட்டர்ஸில் சிகாகோ நகரத்துக் கறுப்பர்களின் இசைத்தட்டுகளைப் போடுவார். பெட்டி இறக்கப் போன சுல்தான் அங்கேயே நின்றுவிட்டார். ஃபோர்மேன் ஊர் திரும்பும்போது மவுத் ஆர்கனைக் கொடுத்து, வாசித்து நாடாவில் பதிந்து எனக்கு அனுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து சுல்தானுக்கு வேறு ஆசை கிடையாது.

மேடை ஏறியது ஒரே தடவை, கிளப் ஆண்டு விழாவில். மவுத் ஆர்கனையும் மைக்கையும் சேர்த்து இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டு வாசிப்பதுதான் சிகாகோப் பாணி. மைக் செட் சிங்காரவேலுக்கு அது பொறுக்கவில்லை.

"மைக்கு என்னா சோடா பாட்டிலாய்யா, வாயில வச்சிகினு உறியறதுக்கு?"

அறிவிப்பாளர் அவர் வாசிப்பை 'ரயில் வண்டிச் சத்தம்' என்று அறிவித்துவிட்டார். பலத்த கைதட்டல். பரிசு ஒரு சோப்பு டப்பா. "ரயிலுன்னே நெனச்சிக்கட்டுங்க. எல்லாரும் ஏறிட்டாங்கல்ல" என்றார் சுல்தான். அவர் மனைவி முனவராவின் விமரிசனம் வேறு மாதிரி: "இதுக்கு மட்டும் மூச்சு இருக்குது. அரிசி மூட்டைய வூட்டுக்குள்ள தூக்கி வைய்யின்னா மூச்சு வாங்குது."

போன வாரம் பதிந்து அனுப்பும் ஆசைக்கு வழி பிறந்தது. வேறொரு ஜெர்மன்காரர் ஊருக்குப் புறப்பட்டார். ஒலிநாடாவைக் கொடுத்தால் ஃபோர்மேனிடம் சேர்த்துவிடுவதாகச் சொன்னார். அன்று மாலை ஆறு மணிக்கு அவருடைய ஜீப் வரும். அதற்குள் பதிந்தாக வேண்டும். எங்கள் பிளாக்கில் டேப் ரிக்கார்டர் வைத்திருப்பவர் என்ஜினீயர் ராமசாமி. நல்ல மனிதர், சங்கீத ஞானம் உள்ளவர். இரண்டும் சேர்ந்ததுதான் தொல்லை.

சுல்தான் தொடங்கினார். ஒரு ஸ்வரம் குழைந்து இறங்கியது. ராமசாமி உடனே இயந்திரத்தை நிறுத்தினார்.

"காந்தாரம் இறங்கிடுத்து சுல்தான். பரவாயில்லை, அழிச்சுட்டு மறுபடி எடுத்துடலாம்."

"அது எறங்கணுங்க சார்."

"முழுசா இறங்கினாலும் தேவலையே. ரெண்டு காந்தாரத்துக்கும் நடுவுலன்னா நிக்கறது."

"அங்கதாங்க நிக்கணும்."

ராமசாமி பெருந்தன்மையாகச் சிரித்து நாடாவைப் பின்னுக்கு ஓட்டினார். மறுபடி அதே இடம், மறுபடி நிறுத்தம். "வெளிநாட்டுக்குப் போறதுப்பா. தப்போட போகலாமா?" என்றார். அவர் குரலில் உண்மையான கவலை இருந்தது. தமக்காக ஒருவர் கவலைப்படும்போது கோபித்துக்கொள்ள சுல்தானுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முறையும் "சரிங்க சார்" என்றார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அதே மாதிரி இறக்கினார். காபி கொண்டுவந்த ராமசாமியின் மனைவி காந்திமதி, "அவர் வேணும்னுதான் பண்றார்போல இருக்கே" என்றார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாசலில் ஜீப் வந்து ஹாரன் அடித்தது.

"கடேசியா ஒருவாட்டி சார்" என்றார் சுல்தான். ரிக்கார்டரின் மைக்கையும் மவுத் ஆர்கனையும் பொத்திக்கொண்டு ஆரம்பித்தார். அந்த இடம் வந்தது. ஸ்வரம் குழைந்தது. ராமசாமியின் விரல் தன் வழக்கப்படி நிறுத்தும் விசையை நோக்கிப் போயிற்று. சுல்தானின் கைகளுக்கும் வேலை இருந்தது, வாய்க்கும் வேலை இருந்தது. அவர் மூச்சை விடாமல் இழுத்தபடியே வலது காலை நீட்டி, ரிக்கார்டர் இருந்த முக்காலியைப் பாதத்தால் வளைத்துத் தம் பக்கம் இழுத்து, இரண்டு முழங்கால்களுக்கு நடுவே இறுக்கி வைத்துக்கொண்டார்.