கனடா மாமியின் வாப்பாவும் உம்மாவும்

நாட்டில் சண்டை சற்று ஓய்ந்திருந்த மாதங்களில், உம்மாவின் தம்பியான என் மாமா கனடாவிலிருந்து கல்முனைக்கு வந்தார். அங்கே அவர் மணமுடித்த வெள்ளைக்கார மாமியும் கூடவே வந்தார். அவரைப் பார்க்க ஒழுங்கைச் சனம் முழுவதும் எங்கள் வாசலில் திரண்டு நின்றது.

பிரதேச சபைத் தேர்தல் நெருங்கியிருந்தது. வாப்பா ஒரு கட்சி. அவருடைய காக்கா, அதாவது அண்ணன், என் பெரியவாப்பா, எதிர்க்கட்சி. ஒரு கூட்டத்தில் வாய்த்தர்க்கம் முற்றியதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. பள்ளிவாசலில் ஒருவர் முன்வரிசையில் நின்றால் மற்றவர் கடைசி வரிசைக்குப் போய்விடுவார்.

மாமாவுக்கு வைத்த விருந்துக்கும் பெரியவாப்பா வரவில்லை. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சகன் தட்டில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். கறி கொண்டுவந்த மாமி வெற்றிடத்தைக் காட்டி, அது யாருக்கு என்று கேட்டார். மாமா ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னார். மாமி சிரித்துவிட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் வாப்பாவிடம் கதைக்கத் தொடங்கினார்.

"என்ட வாப்பா ஐரிஷ். உம்மா ஸ்கொட்லாந்து. சேர்ச் வேற, கட்சி வேற. எலக்சனுக்கு ஒரே கார்ல போற. புள்ளடி வேற வேற போடுற. ஒரே கார்ல வாற."

வாப்பா விடவில்லை. "அப்ப ரெண்டு வோட்டும் சரிக்குச் சரியாப் போகுமே. வீட்டுலயே இருந்திருக்கலாமே?"

அதற்கான பதில் மாமியின் தமிழுக்குள் அடங்கவில்லை. மாமா மொழிபெயர்த்தார். பசியோடு கப்பலேறிக் கனடாவுக்குப் போன ஐரிஷ், ஸ்கொட்லாந்து என்ற அந்த இரண்டு கூட்டத்தாரும் முதலில் தெருவில் அடித்துக்கொண்டார்களாம். ஒருவரை ஒருவர் விரட்ட முடியாதென்று கண்ட பிறகுதான் ஒரே சபையில் உட்காரப் பழகினார்களாம். பின்னால் வந்த மாமா போன்றவர்களுக்கும் அங்கே இடம் கிடைத்தது அதனால்தானாம்.

"சண்டைய வோட்டோட முடிச்சிட்டு வீட்ட வரணும் எண்டு சொல்றா, மச்சான்" என்று மாமா முடித்தார்.

வாப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

தேர்தலன்று காலையில் என்னைச் சைக்கிளின் முன்பாரில் இருத்திக்கொண்டு போய், பெரியவாப்பாவின் கேற்றடியில் மணியடித்தார்.

"காக்கா, வோட்டுப் போடப் போறன். வாறீங்களா?"

பெரியவாப்பா வெளியே வந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "நான் உன்ட ஆளுக்குப் போட மாட்டன்."

"ஓம், தெரியும். ஏறுங்க."

பின்கரியரில் அவர் ஏறியதும் சைக்கிள் ஒருமுறை ஆடியது.

மறுநாள் காலையில் முடிவு வந்தது; வாப்பாவின் ஆள் தோற்றுப்போனார். வென்றவர்களின் ஊர்வலம் வெடி கொளுத்திக்கொண்டு எங்கள் ஒழுங்கைக்குள் வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. பெரியவாப்பா அந்தக் கூட்டத்திலிருந்து விலகி நேரே வீட்டுக்குள் வந்து, உம்மாவிடம் பிளேன்டீ கேட்டார். பிறகு அவரும் வாப்பாவும் கதைக்கத் தொடங்கியவர்கள், மதியம் லுஹர் பாங்கு சொல்லும்வரை நிறுத்தவில்லை.

அவர் போனதும் கேட்டேன். "வாப்பா, நாம தோத்துட்டமா?"

"ஓம் மகள், நல்லாத் தோத்துட்டம்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

தோற்றுப்போனது வாப்பாவுக்கு இன்னும் சரியாக விளங்கவில்லையோ என்று எனக்குக் கவலையாக இருந்தது.