எங்கள் அண்ணன் அறுபத்திரண்டு கிலோ

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பக்கிரிசாமி என்று கேட்டால் விழிப்பார்கள். குண்டண்ணன் என்றால் வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். அவர் என் அண்ணன். பிறவியிலேயே ரத்தம் உறையாத நோய். லேசாக இடித்தாலும் மூட்டுக்குள் ரத்தம் கட்டி முழங்கால் பானையாக வீங்கிவிடும். இதே நோய்க்குத் தன் தம்பிகள் இருவரைப் பறிகொடுத்த அம்மா, தானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். உடம்பில் சதை இருந்தால் அடி உள்ளே போகாதாம். காலையில் தேங்காய்ப்பாலில் வெந்த நாசி லெமாக் சோறு, பத்து மணிக்கு ஒரு குவளை மைலோ, மத்தியானம் மூன்று தட்டு சோறு. வேண்டாம் என்றால் அழுவாள். அவரும் தின்று தொலைத்தார்.

1991-இல், ரத்தத்தை உறையவைக்கும் மருந்தை வீட்டிலேயே ஏற்றிக்கொள்ளலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வீங்கத் தொடங்கியதும் ஏற்றிவிட்டால் மூட்டு கெடாது. அண்ணன் ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய் லோரி கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்துவந்தவர். அந்தக் கால் போனால் பிழைப்பும் போச்சு. சதைக்குள் அவர் நரம்பு அவருக்கே அகப்படாது என்பதால் ஊசி போடக் கற்றுக்கொண்டவள் நான். ஆஸ்பத்திரியில் மருந்து அட்டை போடும் நாளில் அண்ணன் வீக்கத்தோடு வீட்டில் கிடந்தார். அம்மாவும் நானும்தான் போனோம். எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு என்று சொல்லிவிட்டுத்தான் தாதி எடையைக் கேட்டார். அறுபத்திரண்டு என்றாள் அம்மா. அட்டையில் அதுவே ஏறியது. ஒரு தடவைக்கு இரண்டு புட்டி. மாதாமாதம் மருந்து வாங்கப் போனதும் நான்தான்.

ஏற்றியும் வீக்கம் முழுதாக வடியவில்லை. வடிவதற்குள் அடுத்தது வந்தது. வேலை வாரத்துக்கு மூன்று நாளாகி, பிறகு நின்றே போனது. எரிச்சலில் நான் வாய்க்கு வந்தபடி பேசினேன்.

"ஊசி போட்டும் படுத்தே கெடக்கிறீங்களே, நடிக்கிறீங்களா அண்ணே?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மா சோற்றுத் தட்டோடு வந்தாள்.

இரண்டு வருடம் இப்படியே போனது. கால் குணமாகக் கோயிலில் துலாபாரம் கொடுப்பதாக அம்மா வேண்டிக்கொண்டாள். தராசின் ஒரு தட்டில் மகன், மறுதட்டில் அவன் எடைக்கு அரிசி. குணமாகும்வரை காத்திருக்கவும் அவளுக்குப் பொறுமையில்லை. கடைக்காரர் பழனியப்பன் பத்து கிலோ அரிசிப் பை பத்தைக் கொண்டுவந்து வாசலில் இறக்கினார்.

"நூறுக்குப் பக்கம் இருப்பான்டி. சாமிகிட்ட பொய் சொல்ல முடியுமா?" என்றாள் அம்மா.

"அப்ப ஆஸ்பத்திரில ஏன் அறுபத்திரண்டு சொன்னீங்க?"

"பத்து பேர் நிக்கிற எடத்துல புள்ள எடையச் சொன்னா கண்ணு பட்டுறாதா?"

கோயிலில் தராசு தொண்ணூற்றாறில் நின்றது. சொந்தக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அட்டையில் இருந்த எண் அண்ணனுக்கும் தெரியும்; தராசில் ஏறியே பழக்கமில்லாத அவர் அதையே நம்பியிருந்தார். தராசை விட்டு இறங்கும்போது அவர் முகம் செத்துப் போயிருந்தது. மறுநாள் அவரே டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். மூன்று புட்டி போயிருக்க வேண்டிய உடம்புக்கு இரண்டே போயிருக்கிறது, மூட்டு இறுகிவிட்டது, இனி நிமிராது என்றார் டாக்டர்.

அம்மாவை அவர் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என்னைத்தான் கேட்டார்.

"தெனம் என்னைத் தூக்கி உக்கார வைக்கிறவ நீதானே. அறுபத்திரண்டு கிலோவாவா இருந்தேன்? உனக்குமா தெரியல?"

தெரியாது என்றேன். அம்மா எண்ணைச் சொன்ன அன்றே அது பொய் என்று எனக்குத் தெரியும். மறுத்துப் பேசினால் வீட்டில் சண்டை வரும் என்று அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றேன்.