ஷிப்ட் முடியும் நேரத்தில் மூடிக்கொண்ட வால்வு

அந்த வாரத்தில் மூன்றாவது முறையாக ரியாக்டர் சூடேறியதும் ஒர்க்ஸ் மேனேஜர் பேனல் ரூமுக்கே வந்துவிட்டார். கும்மிடிப்பூண்டியில் சாயப்பொடி தயாரிக்கும் கம்பெனி. எழுபதுகளில் அங்கே இன்ஸ்ட்ருமென்ட் பிரிவுக்கு நான் தலைமை. மேனேஜர் கத்தினால் கூலிங் டவர் வரை கேட்கும்.

"மூணு தடவையும் பர்ஸ்ட் ஷிப்ட் முடியற நேரம். மூணு தடவையும் இவன்தான் டூட்டி. தூங்கறான்யா! வேலைய விட்டுத் தூக்க ஆர்டர் டைப் அடிக்கச் சொல்லிட்டேன்."

'இவன்' என்றது ஆபரேட்டர் தேவசகாயத்தை. மூன்று தடவையும் ஓடிப்போய், தண்ணீருக்கு மாற்றுவழியான பைபாஸைக் கையால் திறந்து சமாளித்தவர் அவர்தான்.

"எம் புள்ளைங்க மேல சத்தியமா கண்ண மூடல சார். வால்வு தானா மூடிக்கினு போவுது."

சாயத்துக்கான ரசாயனங்கள் வேகும் ரியாக்டரைச் சுற்றி ஓடும் குளிர்ந்த நீர்தான் சூட்டை அடக்கும். அந்த நீரை விடும் வால்வைத் திறந்து வைத்திருப்பது காற்றழுத்தம். அன்று கம்ப்யூட்டர் ஏது? எங்களுக்கு எல்லாமே காற்றுதான். காற்று இறங்கினால் வால்வு மூடிவிடும். ரியாக்டர் எகிறினால் ஷெட்டில் ஒருவரும் மிஞ்ச மாட்டோம்.

மறுநாள் நான் பேனலைப் பார்க்காமல் வால்வடியில் போய் நின்றேன். சங்கு ஊதிக் கொஞ்ச நேரத்தில் ஏர் கேஜின் முள் சரிந்தது. வால்வின் தண்டு கண்ணெதிரே இறங்கியது. பைபாஸைத் திறந்துவிட்டு ஏர் லைன் போகும் வழியே ஓடினேன். அது முடிந்த இடம் பாக்கிங் பிரிவின் பின்பக்கம். சோதனைக்காக எங்கள் ஆட்களே புதிதாக விட்ட குழாய் அது. ஹோஸ் தொங்கிக்கொண்டிருந்தது, தரையெல்லாம் மஞ்சள் பொடி. பாக்கிங் ஆட்கள் ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார்கள்.

மேனேஜர் மசியவில்லை. "குழாயத் திறந்தா பிரஷர் இறங்கும், அது எனக்கும் தெரியும். ஒவ்வொரு தடவையும் திறந்தது யாரு? பேரு சொல்லுங்க. இல்லேன்னா அவனைக் காப்பாத்த நீங்க கதை கட்டறீங்கன்னு அர்த்தம்."

அடுத்த நாள் காலை பாக்கிங்கில் போய்க் கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒப்புக்கொண்டால் வேலை போகும்; அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் வாய் திறந்திருக்க மாட்டேன். போதாக்குறைக்கு அங்கே மேஸ்திரி ஏழுமலை. யூனியன் தேர்தல் சண்டையிலிருந்து அவருக்கும் தேவசகாயத்துக்கும் ஏழாம் பொருத்தம், முகத்தில் விழிப்பதில்லை. நம்பிக்கை விட்டுப்போய்த் திரும்பினேன்.

மத்தியானம் நான் மேனேஜர் அறையில் மன்றாடிக்கொண்டிருந்தபோது ஏழுமலை தானாகவே வந்து நின்றார்.

"நாங்கதான் சார் தொறந்தோம். பேரு வோணும்னா எம் பேர எழுதிக்கோங்க. பொடியோட ரயில்ல ஏறுனா எவனும் பக்கத்துல குந்த மாட்டேன்றான். சோப்பு போட்டாலும் போவல, காத்து அடிச்சா போவுது. அதால வால்வு மூடும்னு எங்களுக்கு இன்னா தெரியும்?"

 மேனேஜர் என் மேல் பாய்ந்தார்.

"காத்து போனா தண்ணி வால்வு திறக்கணுமா, மூடணுமா? இப்படி ஒரு வால்வை எவன்யா மாட்டினான்?"

நியாயமான கேள்வி. பிளாண்டை நிறுத்தி, காற்று போனால் தானே திறந்துகொள்ளும் வால்வாக மாற்றினோம். ஆர்டரை மேனேஜர் கிழித்துப் போட்டார், ஏழுமலை மேலும் கை வைக்கவில்லை. பாக்கிங் ஆட்களுக்குப் பொடியை ஊதித் தள்ளத் தனியாக ஒரு புளோயரும் குளிக்க வெந்நீரும் வந்தன. அந்த முரட்டு மேனேஜர் மேல் எனக்கு அன்றுதான் மரியாதை பிறந்தது.

இளம் இன்ஜினியர்களுக்கு ஒன்று சொல்வேன். மனிதர்கள் குளிப்பார்கள், ரயிலைப் பிடிப்பார்கள், எதையாவது திறப்பார்கள். அப்போதும் பிளாண்ட் பத்திரமான பக்கம் சாய வேண்டும். எந்த வால்வை வாங்கும் முன்னும் 'காற்று போனால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள்.

ஒரு நாள் ஸ்டேஷனில் ஏழுமலையைப் பார்த்தேன். "தேவசகாயத்தோட ராசியாயிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"அவனோடயா? அதெல்லாம் கெடையாது சார்," என்றார் வெடுக்கென்று. "பேசறதில்லன்னா, அதுக்காவ அவன் வயித்துல அடிக்கச் சொல்றீங்களா?"