லாயிட் பெயரில் ஒரு கை

லிங்கராஜபுரத்திலிருந்து பஸ் பிடித்து வரும் நோராவுக்கு ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் வேலை. எந்த வார்டில் எவ்வளவு குளிர், எந்த விசிறி ஓடுகிறது என்பதெல்லாம் அங்கே ஒரே திரையில் தெரியும். அங்கிருந்தே மாற்றவும் செய்யலாம். அவளுக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவன் அவள் கணவன் லாயிட். மாரடைப்பில் அவன் போன பிறகு வேலை அவளுக்கு வந்தது. தன் பெயரில் புதுக் கணக்கு திறந்துகொள்ளச் சொன்னார்கள், அவள் திறக்கவில்லை. அவனுடைய கடவுச்சொல்லைத் தட்டினால் ‘வெல்கம் லாயிட்’ என்று திரை சொல்லும். காலையில் அதைப் பார்க்க வேண்டும் அவளுக்கு.

மழைக்காலத்தில் அது தொடங்கியது. மதியம் கணக்கை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்த் திரும்பினால், ஆபீஸ் தளத்தில் குளிர் கூடியிருக்கும், திரையில் ஒரு வரியும் இருக்கும். மாற்றியவர்: லாயிட். அவனுக்குப் புழுக்கமே ஆகாது. டிசம்பரிலும் ஃபேன் போட்டுத் தூங்குகிறவன்.

எலக்ட்ரீஷியன் ஹரிஷ்குமார் எட்டிப் பார்த்துச் சிரித்தான். “என்னக்கா, அண்ணன் சாப்பாட்டு டைம்ல வந்து டியூட்டி பாத்துட்டுப் போறாரா?”

“உன்னை மாதிரி டீக்கடையில நிக்காம வர்றாரே, போடா!”

சொல்லிவிட்டாளே தவிர, அந்த வரியை இன்னொரு முறை படித்தாள். மேலே சொன்னால் முதல் வேலையாக அந்தப் பெயரை அழித்துவிடுவார்கள். அதனால் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் அவள் திரை முன்னால் உட்கார்ந்திருக்கும்போதே பச்சிளங்குழந்தைகள் வார்டின் சூடு இறங்கத் தொடங்கியது. அவள் கைகள் மடியில் இருந்தன. பக்கத்தில் யாரோ உட்கார்ந்து பொறுமையாகப் பொத்தானை அமுக்குவதுபோல, ஒவ்வொரு டிகிரியாக இறங்கியது. மாற்றியவர்: லாயிட்.

அந்த வார்டை மட்டும் நர்ஸிடம் போனில் கேட்காமல் லாயிட் தொட்டதே இல்லை. நோரா போனை எடுத்தாள்.

“சிஸ்டர், சூட்டைக் குறைக்கலாமான்னு யாராச்சும் கூப்பிட்டாங்களா?”

“இல்லையே. ஏன் நோரா இங்க இப்படிக் குளிருது?”

“அவரில்ல,” என்றாள் நோரா, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்.

கம்ப்யூட்டரின் வெளி இணைப்பு ஒயரைப் பிடுங்கிவிட்டுப் படியேறி ஓடினாள். வார்டின் சுவரில் இருந்த ஏ.சி. பெட்டியைக் கையால் இயக்கும்படி திருப்பி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் சூடு திரும்பியது.

கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து ஷ்ரேயாஸ் வந்து பார்த்தான். ஏ.சி. கம்பெனி தூரத்திலிருந்து சர்வீஸ் பார்ப்பதற்காக விட்டிருந்த இணைப்பு வழியாக, லாயிட்டின் பழைய கடவுச்சொல்லைக் கொண்டு யாரோ நுழைந்திருந்தார்கள்.

“முதல்ல சின்னதா தொட்டுப் பாப்பாங்க மேடம். யாரும் கேக்கலன்னா தைரியம் வந்துடும். இதுக்கு முன்னாடி ஏதாவது நடந்துச்சா?”

“நடந்துச்சு. நான்தான் சொல்லல.”

அவன் திரையிலிருந்த பெயரைக் காட்டினான். “இந்தப் பேரை எடுத்துடணும். நானே…”

“வேணாம் தம்பி. நான் எடுக்கறேன்.”

எடுத்தாள். வார்டுகளோடு சேராமல் கம்ப்யூட்டரை மட்டும் வெளி இணைப்பில் மாட்டி, ஆள் திரும்ப வருகிறானா என்று இருவரும் காத்திருந்தார்கள். திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: லாயிட், அனுமதி இல்லை. பிறகு இன்னொன்று. வெளியே நின்று கதவைத் தட்டுவதுபோல விடாமல் வந்துகொண்டிருந்தது.

எங்கோ இருக்கும் ஒரு திருடன் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கை கீபோர்டுப் பக்கம் போனது. கையை இழுத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

“சிஸ்டர், குழந்தைங்க?”

“தூங்குதுங்க. பாதமெல்லாம் கதகதப்பா இருக்கு.”

“இன்னும் கொஞ்ச நேரம் லைன்லயே இருங்க சிஸ்டர்,” என்றாள் நோரா.