சீதாலெட்சுமியின் இடது தோள்

சீதாலெட்சுமியின் இடது தோளைப் பற்றி அவளைப் பெற்றவளைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். வருடத்துக்கு நாலு தடவையாவது அந்தத் தோளில் நாடா பிடித்தவள் நான். பிரிக்பீல்ட்ஸ் ஸ்காட் ரோட்டில் தையல்கார தனலெட்சுமி என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். சொல்லட்டும். திறந்திருக்க வேண்டிய ஒரு விஷயத்தில் அந்த வாயை நான் மூடிக்கொண்டிருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

சீதா ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்தவள். எண்பத்தொன்றில் முதன்முதலாக என் கடைக்கு வந்தபோது அவளுக்கு இருபத்திரண்டு வயது, ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் டைப்பிஸ்ட். அண்ணன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும்போது கட்டிலுக்கடியில் விட்டுப்போன பேஸ் கிட்டாரை எடுத்து, ரேடியோவோடு சேர்ந்து தட்டித் தட்டித் தானே பழகிக்கொண்டாள். நான்கு தடித்த கம்பி, நாலு கிலோவுக்கு மேல் கனம். பொம்பளைப் பிள்ளை பேஸ் வாசிக்கிறாளாம் என்று கிள்ளானிலிருந்தும் காப்பாரிலிருந்தும் கல்யாண வீட்டுக்காரர்கள் அவள் சேர்ந்திருந்த ராதாகிருஷ்ணன் அண்ணனின் இசைக்குழுவைத் தேடிவந்தார்கள்.

"ஏம்மா, வேற எதுவும் கெடைக்கலியா ஒனக்கு? இந்தப் பாரத்தத் தூக்கிக்கிட்டு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மத்ததெல்லாம் காதுல கேக்கும்க்கா. இது நெஞ்சுல இடிக்கும்லா" என்றாள். அதோடு நான் கேட்பதை விட்டுவிட்டேன். அவள் முகம் அப்படி இருந்தது.

எண்பத்திரண்டில் ராதாகிருஷ்ணன் அண்ணன் குழுவுக்கு ஒரே மாதிரி உடுப்பு வேண்டும் என்று என்னிடம் வந்தார். ஆண்களுக்கு ஊதா கோட்டு, சீதாவுக்கு அதே ஊதாவில் சேலை. பத்து ரோடு என்கிற ஜவுளிக்கடைத் தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி அந்தச் சேலையைத் தேர்ந்தெடுத்தவள் நானேதான். பளபள நைலான், அகலமான ஜரிகை. கை வைத்தால் நிற்காது, அப்படி வழுக்கும். சீதா அதை உடுத்தி மேடையேறியதைப் பார்த்தபோது எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஒன்றை யோசித்தேனா, பாவி? முந்தானை விழுவதும் இடது தோளில், கிட்டார் வார் விழுவதும் அதே இடது தோளில். இரண்டு விரல் அகல வார், வழுக்குகிற துணி. போதாததற்கு ராதாகிருஷ்ணன் அண்ணன் வேறு, "கிட்டார கொஞ்சம் எறக்கிப் போடும்மா, பார்டர் மறையுது" என்பார். அவளும் இறக்கிப் போட்டுக்கொள்வாள்.

எண்பத்து மூன்றில் புது ரவிக்கைக்கு அளவெடுத்தேன். இடது தோள் வலதைவிடக் கால் இஞ்சு இறங்கியிருந்தது. நாடாதான் பிசகிவிட்டதோ என்று மறுபடி பிடித்தேன். கால் இஞ்சுதான். அளவு நோட்டில் எழுதிக்கொண்டேன், வாயைத் திறக்கவில்லை. பெண் பார்க்க வருகிற வயது, தோள் கோணல் என்று சொன்னால் பிள்ளை மனசு ஒடிந்துபோகும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மையில் பாதிக் காரணம் என் தொழில் திமிர். அப்போது ரவிக்கைத் தோளில் பஞ்சு வைப்பது நாகரிகமாக இருந்தது. வலது பக்கம் மெல்லிசாக, இடது பக்கம் கொஞ்சம் தடிப்பாக வைத்துத் தைத்தேன். கண்ணாடியில் இரண்டு தோளும் தராசுத் தட்டு மாதிரி சமமாக நின்றன. "கச்சிதம்க்கா!" என்றாள் சீதா. அடுத்த வருடம் அரை இஞ்சு இறங்கியது. நான் பஞ்சைக் கூட்டினேன்.

அந்த வருடக் கடைசியில் அவளுக்குக் கைவலி தொடங்கியது. இடது கட்டைவிரல் அடியில் ஆரம்பித்து முழங்கைவரை இழுக்கும். சடை பின்ன முடியாது. ஜாம் பாட்டில் மூடியைத் திறக்க அப்பாவைக் கூப்பிடுவாள். அம்மா எண்ணெய் காய்ச்சித் தடவினாள். ஆபீஸ் கிளினிக் டாக்டர், "என்ன வேலை?" என்று கேட்டார். டைப்பிஸ்ட் என்றாள். அப்புறம் என்ன கேள்வி? டைப் அடிப்பதால்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கிட்டாரைப் பற்றி இவள் மூச்சே விடவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜருக்குச் செக்ரட்டரியாக வரச் சொல்லி ஆபீசில் கூப்பிட்டார்கள். ரயில்வே குவாட்டர்ஸ் பிள்ளைக்கு அது லேசுப்பட்ட காரியமா? சீதா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். டைப் மிஷினையே தொடாத ஃபைல் அறைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள். "கைய கிட்டாருக்காவது மிச்சம் வைக்கணும்ல அக்கா?" என்று என்னிடம் சிரித்தாள். வீட்டில் ஒரு மாதம் அம்மா அவளோடு பேசவில்லை. இது எண்பத்தைந்தில்.

வலி போனதா என்றால், அதுதான் இல்லை. எண்பத்தாறு ஆகஸ்டில் காஜாங்கில் ஒரு கல்யாணத்தில் பாதிப் பாட்டில் அவள் விரல் மரத்துப்போய் நின்றுவிட்டது. ராதாகிருஷ்ணன் அண்ணன் கெட்டவர் இல்லை, ஆனால் அவருக்குக் குழு முக்கியம். "தீபாவளிக்கு கிள்ளான்ல பெரிய ஷோ. அதுலயும் கை நின்னா ஜெயராஜைத்தான் கூப்பிடணும். கோவிச்சுக்காதம்மா" என்றார். ஜெயராஜ் காஜாங்கில் பேஸ் வாசிக்கிற பையன்.

மறுநாள் சாயங்காலம் பயிற்சி முடிந்து கிட்டாரும் ஊதாச் சேலைப் பையுமாக நேரே என் கடைக்கு வந்தாள். தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு அழுகையைப் பார்த்தால் கோபம்தான் வரும்.

"அழுதது போதும், எந்திரி. அந்தச் சேலைய மேல போட்டுக்கிட்டு கிட்டார மாட்டு. நீ என்னதான் செய்யறேன்னு பாக்கறேன்."

கண்ணாடி முன்னால் நிற்கவைத்தேன். வாசித்தாள். நாலு நிமிடத்தில் வார் வழுக்கித் தோள் முனைக்கு வந்துவிட்டது. அது விழாமலிருக்க அவள் தோளைச் சாய்த்துக்கொண்டாள். கிட்டார் தொடைவரை தொங்கியதால் இடது மணிக்கட்டு ஒடிந்த மாதிரி மடங்கியிருந்தது.

"இடது கைய எடு" என்றேன்.

எடுத்தாள். கிட்டாரின் கழுத்து தொபுக்கென்று தரையைப் பார்த்துச் சாய்ந்தது. அத்தனை வருடமாக அந்தக் கை வாசிக்க மட்டும் செய்யவில்லை, கிட்டாரைத் தூக்கிக்கொண்டும் நின்றிருக்கிறது.

"டைப் மிஷின் இல்லியாக்கா?" என்றாள் மெதுவாக. என் அளவு நோட்டு மேசைமேல்தான் கிடந்தது.

அன்றும் நான் அதைச் சொல்லவில்லை. "நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. கிட்டாரப் பத்தி ஒளிக்காம சொல்லு" என்று மட்டும் சொன்னேன். சொன்னால் வாசிப்பதையே நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள். அப்படியெல்லாம் சொல்லவில்லை. கைப்பயிற்சி கொடுக்கும் நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி கிட்டாரையே கொண்டுவரச் சொல்லிப் பார்த்தாளாம். மூன்று வாரம் தொடாதே. பிறகு நெஞ்சுக்குக் கீழே தூக்கிக் கட்டு, மணிக்கட்டு நேராக நிற்கட்டும். கம்பியைப் பூ மாதிரி அழுத்து, சத்தம் போதாவிட்டால் ஒலிபெருக்கிப் பெட்டியில் கூட்டிக்கொள். வாசிக்குமுன் வெந்நீரில் கையை வை. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிட்டு உதறு. குத்துகிற வலி வந்தால் அங்கேயே நிறுத்து.

நான் என் பங்குக்கு ஒரு வார் தைத்தேன். நாலு விரல் அகலம், மேலே பள்ளிக்கூடப் பை தைக்கிற கான்வாஸ், உள்ளே சொரசொரப்பான கம்பளி. நைலான் சேலையை மூட்டை கட்டிவிட்டுப் பருத்திச் சேலை வாங்கினேன். ராதாகிருஷ்ணன் அண்ணன் வந்து, "மின்ன மாட்டேங்குதே, தனம்?" என்றார். "லைட்டு மின்னும், போங்க அண்ணே" என்று அனுப்பிவைத்தேன். கிட்டாரை இவ்வளவு மேலே போட்டால் இடுப்பில் பிள்ளையை வைத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று குழுவில் கேலி செய்தார்களாம். சீதா காதில் போட்டுக்கொள்ளவில்லை. கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது.

கிள்ளான் தீபாவளி நிகழ்ச்சிக்கு இரண்டு நாள் முன்பு புது ரவிக்கையைப் போட்டுப் பார்க்க வந்தாள். பழக்கதோஷம், பஞ்சு வைத்துத்தான் தைத்திருந்தேன். கண்ணாடியில் பார்த்தவள் திரும்பி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "ஒங்களுக்கு கோயில்தான் கட்டணும்க்கா. நீங்க ஒருத்திதான் கண்டுபிடிச்சீங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நோட்டை எடுத்து அவள் பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினேன். கால், அரை, முக்கால். பஞ்சைப் பற்றியும் சொன்னேன்.

முதல் பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டு போனாள். "எப்பலேர்ந்து?"

"எண்பத்திமூணு."

"நான் செக்ரட்டரி வேலைய வேணாம்னு சொன்னது எண்பத்தி அஞ்சுல."

"தெரியும்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ரவிக்கையைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அன்று நான் கடையைச் சீக்கிரமே சாத்தினேன். துணியில் கத்தரி வைக்கக் கை வரவில்லை.

சனிக்கிழமை யாரும் கூப்பிடாமலே பஸ் ஏறிக் கிள்ளானுக்குப் போனேன். மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஜெயராஜ் மேடை ஓரத்தில் தயாராக நின்றிருந்தான். என் வாரைத்தான் போட்டிருந்தாள் சீதா. கிட்டார் நெஞ்சுக்குக் கீழே அசையாமல் நின்றது. நான் பாட்டு கேட்கவில்லை, அந்த இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்குப் பாட்டு அதைத் தொங்கவிட்டு உதறிக்கொண்டாள். இரண்டு மணி நேரம் அந்தக் கை ஒரு தடவைகூட நிற்கவில்லை. கடைசிப் பாட்டில் நெஞ்சில் இடித்தது. அவள் சொன்னது சரிதான்.

கைதட்டலுக்குக் குனிந்து நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். விளக்கு வெளிச்சத்தில், அத்தனை பேர் முன்னால், அவளுடைய இடது தோள் இறங்கித் தெரிந்தது.

உடை மாற்றும் அறை வாசலில் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் கைப்பையைத் திறந்து, என் உள்ளங்கையை விரித்து, இரண்டு பஞ்சையும் வைத்தாள். ஒன்று மெல்லிசு, ஒன்று தடிப்பு. என் தையலை நூல் நூலாகப் பிரித்து எடுத்திருந்தாள்.

"இனிமே வைக்காதீங்க. தெரிஞ்சா தெரியட்டும்" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரலில் கோபமும் இருந்தது. "தை மாசம் ஒரு கல்யாணம் வருது. திங்கக்கெழம அளவு குடுக்க வரேன்."

சொன்னபடி வந்தாள். நாடாவைத் தோளில் வைத்தேன். "முக்கால் இஞ்சு" என்று வாய்விட்டுச் சொன்னேன். எழுதப் பென்சிலை எடுத்தபோது அவள் கை நீட்டினாள்.

"குடுங்க. இனிமே நானே எழுதறேன்லா."