வெள்ளைக் கோழிக்கு வைத்த பொட்டு

நான் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் கோழிகளைப் பார்த்துக்கொண்ட காலத்தில் என் கோபத்துக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒன்று, அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்த என் மகள். மற்றது, துரையின் வெள்ளைப் பெட்டைக் கோழி. மகளையாவது அதட்டினால் உதட்டைப் பிதுக்குவாள். கோழி கழுத்தைச் சாய்த்து, பேசி முடித்தாயா என்பது போல ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தன் பாட்டுக்குக் கிளறப் போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கம். மலையில் வழுக்கி விழுந்து என் கால் பிசகியதால், கொழுந்தெடுப்பதை நிறுத்திப் பங்களாக் கோழிகளைப் பார்க்கப் போட்டார்கள். கோழிக்குத் தீனி போடுவதும் ஒரு வேலையா என்று நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லோரும் சிரித்தார்கள். போன பிறகுதான் தெரிந்தது, அது கோழி வளர்ப்பே இல்லை, தினமும் நடக்கும் பெண் பார்க்கும் படலம் என்று.

துரைக்குக் கோழிக் கண்காட்சிப் பைத்தியம். காலையில் பிரம்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு கோழியாகத் தூக்கிக் காட்டச் சொல்வார். கொண்டையில் ஐந்து பல் இருக்க வேண்டும். பக்கவாட்டில் சின்னதாக ஒரு முளை தெரிந்தாலும் போச்சு. சேவலுக்குக் கொண்டை நிமிர்ந்து நிற்க வேண்டும், பெட்டைக்கு ஒரு பக்கமாக மடிந்து விழ வேண்டும். இது தெரியாமல், முதல் வாரம் மடிந்த கொண்டையைப் பார்த்து ஏதோ நோய் என்று மஞ்சள் பற்றுப் போட்டுவிட்டேன். துரை போட்ட கூச்சலில் நாய்கூட மேசைக்கடியில் புகுந்துகொண்டது.

காதுமடல் வெள்ளையாக இருக்க வேண்டும். மஞ்சள் காலில் இழையளவு இறகும் முளைக்கக் கூடாது. வால் அணில் வாலைப் போல முதுகுப் பக்கம் வளையக் கூடாது. வெள்ளை உடம்பில் வேறு நிற இறகு ஒன்று இருந்தாலும் போட்டியிலிருந்து நீக்கிவிடுவார்கள். அதைப் பிடுங்கி மறைத்தாலோ, சாயம் பூசினாலோ ஏமாற்று என்று சொல்லி நீக்குவார்கள். இத்தனையும் பார்த்து மாப்பிள்ளை எடுத்திருந்தால் எங்கள் லயத்தில் பாதிப் பேருக்குக் கல்யாணமே ஆகியிருக்காது.

சிரிப்புக்குரிய விஷயம் அதோடு சரி. கண்காட்சியில் நீக்கப்பட்ட கோழி மறுநாள் குசினிக்குக் கறியாக்கப் போய்விடும். அது துரையின் சட்டம். "குத்தம் குஞ்சுக்கும் வரும். வேணாம்" என்று தோட்டத்துத் தமிழில் சொல்லிவிட்டுக் கையை உதறுவார். நான் வந்த வருஷமே கொண்டையில் முளை இருந்த ஒரு சேவல் அப்படிப் போனது. அந்த வாசனை வந்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளைக் கோழி என் கையில் பொரித்தது. அடை வைத்தது, குஞ்சாக மடியில் வைத்துச் சூடு கொடுத்தது, எல்லாம் நான்தான். அதை அது என்று சொல்லவே எனக்கு வாய் வராது. நுவரெலியாக் கண்காட்சிக்கு அந்த வருஷம் அவளைக் கொண்டு போவது என்று துரை முடிவு செய்தார். கோழி தூக்கிக்கொண்டு போக நானும் வரவேண்டும் என்றார். எனக்குப் பெருமையில் கால் வலியே மறந்துபோயிற்று.

கண்காட்சிக்கு முதல் நாள் மூன்று தொட்டியில் குளிப்பாட்டினேன். ஒன்றில் நுரைத்த சவர்க்காரத் தண்ணீர், அடுத்ததில் நல்ல தண்ணீர், கடைசியில் துணிக்குப் போடும் நீலம் ஒரு சிட்டிகை கலந்த தண்ணீர். நீலம் போடலாமாம், அது சாயமில்லையாம், குளியலாம். கணப்புப் பக்கத்தில் உட்காரவைத்துக் காயவைத்து, காலுக்கு எண்ணெய் தடவி நிமிர்ந்தால் மல்லிகைப் பூக்குவியல் போல நின்றாள். அந்த நேரம் பார்த்துப் பங்களாச் சமையற்காரர் எட்டிப் பார்த்தார்.

"அடேயப்பா! என்னா சதை, என்னா மினுமினுப்பு! கண்ணு பட்டுறப் போவுது புள்ள" என்றார். படப் போகிற கண்ணே அவருடையதுதான்.

ஒரு சமையற்காரரின் கண்ணே இப்படி என்றால், நாளைக்கு நுவரெலியாவில் எத்தனை கண்! மகளின் கன்னத்துக்கு வைக்க நானே விளக்கெண்ணெயில் குழைத்த மை கொட்டாங்கச்சியில் இருந்தது. விரலில் தொட்டு, கோழியின் இடது சிறகைத் தூக்கி, அடியில் தோலிலே ஒரு பொட்டு வைத்தேன். இறகில்தானே நிறம் இருக்கக் கூடாது, தோலில் இருந்தால் என்ன என்று என் புத்தி சொல்லியது. என் புத்திக்குச் சட்டம் தெரியும், லொறி குலுங்குவது தெரியாது.

மறுநாள் லொறியில் துரையின் சாப்பாட்டுக் கூடையோடு சமையற்காரரும், பேர்களை எழுத ஆபீஸ் கிளாக்கரும், மடியில் கோழிக் கூடையோடு நானும் போனோம். கண்காட்சி மண்டபத்தில் வரிசையாகக் கம்பிக் கூடுகள். அத்தனை சேவல்களும் ஒரே நேரத்தில் கூவியதில் துரைமார்கள் ஒருவர் காதில் ஒருவர் கத்திப் பேசினார்கள். எனக்கோ திருவிழாவுக்கு வந்தது போல இருந்தது. காலில் ஐந்து விரல் கொண்ட கோழி, தலையில் பஞ்சு வைத்தது போலக் கொண்டை போட்ட கோழி, காலுக்குச் சல்லடம் போட்டது போல இறகு முளைத்த கோழி எல்லாம் பார்த்தேன். எதுவும் என் கோழிக்குக் கிட்ட வராது.

நடுவர் கிழவர், வெள்ளைக் கோட்டு, மூக்குக் கண்ணாடி. மெல்லிய குச்சியால் கூட்டுக்குள் தொட்டுத் திரும்பவைத்து, நெடுநேரம் பார்த்தார். பிறகு அவளை வெளியே எடுத்துக் கொண்டையை எண்ணினார், காதுமடலைத் தடவினார், காலைப் பார்த்தார். தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். துரை மீசையை முறுக்கினார். அப்போது நடுவர் இடது சிறகை விரித்தார்.

லொறி குலுங்கியதில் பொட்டு பக்கத்து இறகில் எல்லாம் அப்பிக்கொண்டிருந்தது.

நடுவர் கைக்குட்டையை நனைத்துத் தேய்த்தார். கறுப்பு வந்தது. துரையின் முகம் சிவந்தது. நடுவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்க, கிளாக்கர் என் காதருகே குனிந்தார்.

"இந்தா புள்ள, அடுப்புக்கரியா இருக்கும், பரவால்ல, தொடைச்சிடலாம்னு சொல்றாரு. ஆமான்னு தலைய ஆட்டு. முதல் பரிசு நமக்குத்தான்."

ஆட்டியிருக்கலாம். ஆனால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. மூன்று தண்ணீரில் குளிப்பாட்டிய என் கோழியை அடுப்படியில் புரண்ட கோழி என்றால் விடுவேனா?

"கரியா? மூணு தொட்டியில குளிப்பாட்டுன கோழிங்க இது! கரியும் இல்ல, தூசியும் இல்ல. கண்ணு படக்கூடாதுன்னு நான் வச்ச மைங்க!"

கிளாக்கர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் மழுப்பியிருப்பார், ஆனால் தமிழ் தெரிந்த துரை பக்கத்திலேயே நின்றார். நடுவர் கேட்க, துரை உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். வேண்டுமென்று வைத்த நிறம், அதுவும் மறைவாக வைத்தது. நடுவர் பெருமூச்சு விட்டு, கூட்டில் ஓர் அட்டையைச் செருகினார். எனக்கு அப்போது படிக்கத் தெரியாது. கிளாக்கரின் முகத்தைப் பார்த்தே படித்துக்கொண்டேன்.

துரை என்னைப் பார்க்கவில்லை. பின்னால் நின்ற சமையற்காரரைப் பார்த்து, "நாளைக்கு" என்றார். அவ்வளவுதான்.

என் வாய்தான் அவளைக் குசினிக்கு அனுப்பிவிட்டது என்று நினைத்ததும் அழுகை முட்டியது. அது வெளியே வருவதற்குள் கோபம் முந்திக்கொண்டது. துரையின் முன்னால் போய் நின்றேன்.

"தொரைங்க, கொண்டையில குத்தமா?"

துரை கிளம்பப் பார்த்தார்.

"வாலுல குத்தமா? காலுல குத்தமா? காதுலயா?"

"இல்ல" என்றார், வேண்டாவெறுப்பாக.

"பொட்டு வச்சது என் கை. குத்தம் என் கையிலங்க. அது குஞ்சுக்கு எப்பிடிங்க வரும்? முட்டைக்குள்ள மை போவுமா?"

கிளாக்கர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். நான் அசையவில்லை. என்ன சொல்கிறாள் என்று நடுவர் துரையின் கையைத் தட்டிக் கேட்டார். துரை முறைத்தபடியே இங்கிலீஷில் சொன்னார். சொல்லி முடிப்பதற்குள் கிழவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பிறகு அட்டையைக் காட்டித் தலையை ஆட்டினார், அது இருக்கத்தான் வேண்டும் என்பது போல. கோழியைக் காட்டியும் ஏதோ நீளமாகச் சொன்னார்.

துரை மீசையைக் கடித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"ஜட்ஜ் சொல்றான், இந்தக் குத்தம் குஞ்சுக்கு வராதாம். மண்டபத்துல நல்ல கோழி இதுதானாம்" என்றார். பிறகு, "அடை வை. இருவது முட்டை" என்றார்.

ஒரு கோழிக்கு இருபது முட்டை அடங்காது என்று வாய்வரை வந்தது. வாழ்க்கையில் அந்த ஒரு தடவை அடக்கிக்கொண்டேன்.

கூட்டைத் திறந்து அவளைத் தூக்கினேன். கழுத்தைச் சாய்த்து வழக்கம் போலப் பார்த்தாள், ஒன்றுமே நடக்காதது போல. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்தது. இத்தனை துரைமார்கள் முன்னால் வாயைப் பொத்து புள்ள என்று கிளாக்கர் கெஞ்சினார். எப்படிப் பொத்துவது? முதல் பரிசு வாங்கியவர்கள் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் என் கோழியை உயிரோடு தூக்கிக்கொண்டு போனேன்.