'காரணம்' என்று ஒரு கட்டம்

முருங்கன் சந்தியில், போட்டோகொப்பி, ஸ்கான், மெயில் எல்லாம் செய்யும் ஒரு கொமினிகேசன் கடையில் பதினொரு வருடமாகப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஓ.எல். பரீட்சை வரைதான் படித்தேன். ஆட்களோடு அதிகம் கதைக்க வராது. அதற்கு இந்த வேலை தோது.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். படிவத்தில் 'காரணம்' என்று கேட்டால் 'சொந்தக் காரணம்' என்று எழுதிவிடுவோம். வேறு எதை எழுதினாலும் அரசாங்கக் கந்தோரில் அதற்கொரு கடிதம் கேட்பார்கள். சனம் மறுபடி பஸ் ஏறி அலைய வேண்டும்.

கூலி வேலை செய்யும் செல்லையா அண்ணனின் மகள் சுகந்தி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். ஒருநாள் அவசரமாக வந்தாள்.

"அன்ரி, இந்த செமஸ்டரில ரெண்டு பாடத்த விடோணும். இத நிரப்பி மெயில் பண்ணிவிடுங்கோ. பஸ் வரப்போகுது."

ஏன் விடுகிறாள் என்று கேட்கக் கூச்சம். வழக்கப்படி எழுதினேன். அவள் கையெழுத்து வைத்தாள். ஸ்கான் பண்ணி அனுப்பினேன்.

இரண்டு மாதம் கழித்துத் தகப்பனும் மகளும் வந்தார்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிடைக்கும் பேர்சரி உதவிப்பணம் அவளுக்கு நின்றுவிட்டது. விடுதியில் அவள் சாப்பிடுவதே அந்தக் காசில்தான்.

"பாடத்த விட்டா பாடந்தானே போகணும்? சோத்த ஏன் தங்கச்சி நிப்பாட்டுறாங்க?" என்றார் செல்லையா அண்ணன்.

எனக்கும் விளங்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குப் போன் எடுத்தேன். பேர்சரிப் பகுதி, அவள் படிக்கும் பீடத்தைக் கேட்கச் சொன்னது. பீடம் பேர்சரிப் பகுதியைக் கேட்கச் சொன்னது.

"ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்ததே இல்லையாக்கும்" என்றார் செல்லையா அண்ணன்.

மூன்றாம் தரம் எடுத்தபோது ஒரு கிளார்க் அம்மா பொறுமையாகச் சொன்னார்.

"பாடத்த விட்டா அதுக்குரிய கிரெடிட் புள்ளி குறையும். அளவுக்குக் கீழ போனா பேர்சரி நிக்கும். நோய் வருத்தம், வீட்டுக் கஷ்டம் எண்டா அத எழுதிக் கடிதம் வைச்சா யோசிப்பினம். இதில சொந்தக் காரணம் எண்டெல்லோ கிடக்கு?"

சுகந்தியிடம் திரும்பினேன். "ஏன் பிள்ளை விட்டனீ?"

"அம்மா கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தவ. நான்தான் பக்கத்தில நிண்டனான்."

"எனக்கு ஏன் சொல்லேல்ல?"

"நீங்கள் கேக்கேல்லயே அன்ரி."

செல்லையா அண்ணன் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லை.

ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டோடு மேன்முறையீடு அனுப்பினோம். அடுத்த செமஸ்டரிலிருந்து தருவதாகப் பதில் வந்தது. நின்ற மாதங்களுக்கு ஒன்றும் இல்லை. அதுவரை செல்லையா அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார்.

எந்தப் பாடத்தை விட்டால் எது நிற்கும் என்று இன்றும் எனக்கு முழுதாக விளங்காது. பிள்ளைகளே, பாடத்தை விடுமுன் பேர்சரிப் பகுதியை ஒருதரம் கேளுங்கள். நானும் இப்போது அந்தக் கட்டம் வந்தால் கீபோர்ட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு, ஆளின் முகத்தைப் பார்த்து, ஏன் என்று கேட்கிறேன். கூச்சம் இன்னும் போகவில்லை. என்றாலும் கேட்கிறேன்.